பின்கதவு பீடிங்கில் கிரீச் சத்தம்: குறுக்காகப் பள்ளம் ஏறினால் மட்டும் வருகிறது

செம்மண்சாலை, நாமக்கல்

வணக்கம் நண்பர்களே. என்னுடையது ஏழு வருட ஹேட்ச்பேக், 82,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. நான்கு மாதமாக இடதுபக்கப் பின்பகுதியில் ஒரு சத்தம். வேகத்தடையில் இரண்டு பக்கச் சக்கரமும் சேர்ந்து ஏறினால் வருவதில்லை. ஒரு பக்கம் முதலில் ஏறி, மறுபக்கம் பிறகு ஏறினால் வருகிறது. பழைய மரக்கட்டிலில் புரண்டு படுத்தால் ஒரு முனகல் கேட்குமே, அதே மாதிரி. எங்கள் தெருமுனையில் குழாய் பதிக்கத் தோண்டி மூடிய பள்ளம் குறுக்காக ஓடுகிறது. அங்கே தினமும் தவறாமல் கேட்கிறது.

பட்டறையில் சஸ்பென்ஷன் என்றார்கள். பின் ஷாக் அப்சார்பர் இரண்டையும் மாற்றினேன், புஷ்ஷும் மாற்றினேன். பணம் போனதுதான் மிச்சம், சத்தம் அப்படியே இருக்கிறது.

போன ஞாயிறு கொல்லிமலை போனோம். அங்கே 70 கொண்டை ஊசி வளைவு. ஏறக்குறைய ஒவ்வொன்றிலும் முனகியது. பின்னால் இருந்த அம்மா ஒரு வளைவில் கதவின் மேல் ஓரத்தைக் கையால் அழுத்திப் பிடித்தார்கள். உடனே சத்தம் நின்றது. கையை எடுத்ததும் மறுபடி வந்தது. அதிலிருந்து கதவைச் சுற்றி வரும் ரப்பர், அதாவது பீடிங் மேல்தான் சந்தேகம். ஆனால் ரப்பர் கிழியவில்லை, தண்ணீரும் உள்ளே வரவில்லை. பார்க்க நன்றாக இருக்கிற ரப்பர் இப்படிச் சத்தம் போடுமா?

மலைப்பாதை, பொள்ளாச்சி

போடும். வால்பாறை ரோட்டில் 40 வளைவு, மாதத்தில் நான்கு முறை போய் வருகிறேன். எனக்கும் இதே கதைதான். அம்மா கை வைத்ததும் நின்றது என்றால் ஷாக் அப்சார்பர் மேல் தப்பே இல்லை. பட்டறைக்கு இனிப் போகாதீர்கள். வீட்டிலேயே சரி செய்யலாம்.

கிணத்துக்கடவு_77

பீடிங் முழுக்கத் தேங்காய் எண்ணெய் தடவி விடுங்கள் சார். ஐந்து நிமிட வேலை. எங்கள் அப்பா காலத்திலிருந்து அதுதான் செய்கிறோம். கிரீஸ் இருந்தால் அதுவும் ஓகே.

லேத்துப்பட்டறை, கோவை

கிரீஸ் மட்டும் வேண்டாம், தயவுசெய்து. வீல் பேரிங்குக்கு வைக்கிற கிரீஸைக் கதவு ரப்பரில் தடவிக்கொண்டு வந்த வண்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆறு மாதத்தில் ரப்பர் ஊறி, மெத்தென்று வீங்கி, கதவு மூடும்போது மடங்கிக் கிழியும்.

தேங்காய் எண்ணெய் ரப்பரை உடனே கெடுக்காது. ஆனால் நம் ஊர்ப் புழுதி அதில் அப்பிக்கொள்ளும். ஒரு மாதம் கழித்து விரலால் தடவிப் பாருங்கள், உப்புத்தாள் மாதிரி நறநறவென்று இருக்கும். அந்த மண் கதவு விளிம்பின் பெயிண்டையும் தேய்க்கும். அப்புறம், தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். மார்கழியில் கொல்லிமலை ஏறினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

எதையும் தடவுவதற்கு முன்னால் சத்தம் எங்கே என்று இடத்தைக் கண்டுபிடியுங்கள். கதவைச் சுற்றி ஏறத்தாழ நான்கு மீட்டர் ரப்பர் இருக்கிறது. முனகுவது அதில் ஒரு சாண் நீளமாகத்தான் இருக்கும். வண்டியை ஓட்டிக்கொண்டே தேட வேண்டியதில்லை. ஒரு பின்சக்கரத்தை மட்டும் நடைபாதை ஓரத்திலோ கனமான பலகை மேலோ ஏற்றி நிறுத்துங்கள். வண்டியின் உடல் லேசாக முறுக்கிக்கொள்ளும். ஹேண்ட் பிரேக் போட்டுவிட்டு, வேறொருவரை வெளியே நின்று கூரை ஓரத்தைப் பிடித்து ஆட்டச் சொல்லுங்கள். நீங்கள் உள்ளே உட்கார்ந்து காதைக் கதவோடு வைத்துக் கேளுங்கள்.

சத்தம் வந்ததும் பெயிண்டர்கள் ஒட்டும் மாஸ்கிங் டேப்பை எடுத்து, ரப்பர் வந்து அழுத்தும் பெயிண்ட் விளிம்பில் ஒரு பகுதிக்கு மட்டும் ஒட்டுங்கள். முதலில் மேல் விளிம்பு. திரும்ப ஆட்டிப் பாருங்கள். நிற்கவில்லை என்றால் அதை எடுத்துவிட்டுப் பின் வளைவில் ஒட்டுங்கள். அப்படியே சுற்றி வாருங்கள். ரப்பருக்கும் பெயிண்டுக்கும் நடுவில் காகிதம் வந்தால் உராய்வு மாறும், சத்தம் நிற்கும். நின்ற இடம்தான் உங்கள் இடம். டேப்பை அன்றைக்கே பிரித்துவிடுங்கள். வெயிலில் கிடந்தால் பசை பெயிண்டோடு ஒட்டிக்கொள்ளும்.

செம்மண்சாலை, நாமக்கல்

நன்றி அண்ணா. மூன்று பட்டறை ஏறி இறங்கினேன், ஒருவரும் இந்த மாதிரிச் சொல்லவில்லை. நாளை லீவு, செய்து பார்க்கிறேன்.

ஒரு சந்தேகம். ரப்பர் புதிதாக இருந்தபோது ஆறு வருடம் ஒரு சத்தமும் இல்லையே. அதே ரப்பர், அதே கதவு. இப்போது மட்டும் ஏன்?

ரப்பர்வாசனை, மதுரை

இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். பதினோரு வருடம் வாகன பீடிங் தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தவன்.

கதவு பீடிங்கை நாம் ஒரே ரப்பர் என்று நினைக்கிறோம். உண்மையில் அது மூன்று பொருள். உடலின் தகட்டு விளிம்பைக் கவ்விப் பிடிக்கும் அடிப்பகுதி கெட்டி ரப்பர், அதற்குள் ஒரு இரும்புப் பட்டை. அதன் மேல் குழாய் போல உப்பியிருப்பது ஸ்பாஞ்ச் ரப்பர், உள்ளே நுண்ணிய காற்றுக் குமிழிகள். கதவு மூடும்போது நசுங்குவது இதுதான். மூன்றாவதாக அந்தக் குழாயின் மேல்தோலில் ஒரு வழுக்குப் பூச்சு. தலைமுடியின் பருமனைவிட மெல்லியது. கண்ணுக்குத் தெரியாது. கதவு மூடினால் ஒட்டாமல் இருப்பதற்கும் சத்தம் வராமல் இருப்பதற்கும் அந்தப் பூச்சுதான் காரணம்.

உங்களுக்கு ரப்பர் நன்றாகத்தான் இருக்கிறது, போனது பூச்சு. ஏழு வருட வெயில், புழுதி, தினமும் பத்து முறை கதவு திறந்து மூடியது, ஆள் இறங்கும்போது உரசியது எல்லாம் சேர்ந்து அதைத் தேய்த்துவிட்டன. இப்போது வெறும் ரப்பர் நேராகப் பெயிண்டைத் தொடுகிறது.

வெறும் ரப்பர் பெயிண்டில் என்ன செய்யும்? பிடித்துக்கொள்ளும். வண்டி குறுக்காகப் பள்ளத்தில் இறங்கும்போது உடல் முறுக்கிக்கொள்கிறது. கதவுச் சட்டம் அவ்வளவு முறுக்காது, அது தனித் துண்டு. ஆக இரண்டுக்கும் நடுவில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான நகர்வு. அந்த நகர்வில் ரப்பர் பெயிண்டோடு ஒட்டியபடியே இழுபடுகிறது. தாங்க முடியாத அளவு வந்ததும் சட்டென்று விடுபட்டு வழுக்குகிறது. உடனே மறுபடி ஒட்டுகிறது, மறுபடி வழுக்குகிறது. இது நொடிக்குப் பல நூறு முறை நடந்தால் காதுக்குக் கிரீச் என்று கேட்கும். வயலின் வில்லுக்கு ரோசின் தடவுகிறார்களே, அது எதற்கு? மயிர் கம்பியைப் பிடித்துப் பிடித்து விட வேண்டும் என்பதற்காக. வயலினில் நாதமாக வருவது உங்கள் கதவில் முனகலாக வருகிறது. வேலை ஒன்றுதான்.

ஹேட்ச்பேக்கில் இது அதிகம். பின்னால் பெரிய திறப்பு இருப்பதால் பின்பகுதி சற்றுக் கூடுதலாக முறுக்கும். இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறும்போது முறுக்கல் இல்லை. அதனால்தான் அப்போது சத்தமும் இல்லை. நீங்கள் சொன்ன அடையாளம் மிகச் சரியானது.

லேத்துப்பட்டறை அண்ணன் கிரீஸ் வேண்டாம் என்றதற்குக் காரணமும் இதோடு சேர்ந்ததுதான். கதவு பீடிங் பெரும்பாலும் இபிடிஎம் என்ற ரப்பர். வெயில், மழை, ஓசோன், சூடு எல்லாவற்றையும் தாங்கும். தாங்காத ஒன்று பெட்ரோலியம். டீசல், மண்ணெண்ணெய், இன்ஜின் ஆயில், சாதாரண கிரீஸ், வாசலின் எல்லாமே அதற்குள் ஊறி வீங்க வைக்கும். டபிள்யூடி-40 சாதாரண நீலக் குப்பியும் பெட்ரோலியம் சார்ந்ததுதான். அடித்ததும் சத்தம் நிற்கும், அதனால் நல்ல மருந்து என்று தோன்றும். சில நாளில் சத்தம் திரும்பும். திரும்பத் திரும்ப அடித்தால் ரப்பருக்குத்தான் கேடு.

சிலிக்கோன் இபிடிஎம்மை ஒன்றும் செய்யாது. குடிநீர்க் குழாயின் இபிடிஎம் வாஷருக்குக்கூடச் சிலிக்கோன் கிரீஸ்தான் தடவுகிறார்கள். அதுதான் சரியான பொருள்.

ஸ்டியரிங்அக்கா, சென்னை

ரப்பர்வாசனை அண்ணன் டீசல் என்று சொன்னதும் எனக்கு ஒன்று பிடிபட்டது. நான் கால்டாக்சி ஓட்டுகிறேன். என் வண்டியில் நான்கு கதவின் கீழ்ப்பக்க ரப்பரும் கொழகொழவென்று ஆகிவிட்டது, மேலே மட்டும் நன்றாக இருக்கிறது. ஏன் என்று ரொம்ப நாளாகப் புரியவில்லை. வாட்டர் சர்வீஸ் விடும் இடத்தில் கழுவி முடித்ததும் துரு பிடிக்காமல் இருக்க அடியில் டீசல் ஸ்பிரே அடிப்பார்கள். கதவைத் திறந்து வைத்துக்கொண்டே அடிப்பார்கள். மாதம் ஒரு முறை, நான்கு வருடம்.

இனி வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். கெட்டுப்போன ரப்பரை ஏதாவது தடவித் திருப்பிக் கொண்டுவர முடியுமா அண்ணா?

ரப்பர்வாசனை, மதுரை

முடியாதம்மா. ஊறி வீங்கிய ரப்பர் காய்ந்தாலும் பழைய பலத்துக்கு வராது. கீழ்ப்பக்கம் கொழகொழப்பு என்றால் மழைக்கு முன்னால் மாற்றிவிடுவது நல்லது. ஐப்பசி மழையில் தண்ணீர் முதலில் நுழைவது அந்த வழியாகத்தான்.

புதுப்பேட்டைவாசி, சென்னை

அக்கா, மாற்றுவதானால் ஒரு வார்த்தை. கடையில் மீட்டர் கணக்கில் வெட்டித் தருகிற பீடிங் உண்டு, வண்டி மாடலுக்கென்றே வரும் பீடிங்கும் உண்டு. மீட்டர் பீடிங் விலை குறைவு, ஆனால் அதன் குழாய் பருமன் உங்கள் கதவு இடைவெளிக்குப் பொருந்த வேண்டும். தடித்ததைப் போட்டால் கதவை அறைந்து மூட வேண்டி வரும். வாடிக்கையாளர் சரியாக மூடாமல் இறங்கிப் போவார். மெல்லியதைப் போட்டால் காற்றுச் சத்தமும் தண்ணீரும் வரும். டாக்சி என்பதால் சொல்கிறேன், மாடலுக்குரியதையே வாங்குங்கள். பழைய உதிரி வாங்குவதானால் ரப்பரை விரலால் அமுக்கி விட்டுப் பாருங்கள். உடனே எழும்ப வேண்டும்.

போடும்போது இரண்டு முனையும் சேரும் இடம் கதவுக்குக் கீழே, கால் வைக்கும் படி ஓரத்தில் வர வேண்டும். மேலே வந்தால் மழைத் தண்ணீர் இணைப்பு வழியாக இறங்கும். இழுத்துப் போடாதீர்கள். முதலில் மூலைகளைப் பொருத்திவிட்டு, பிறகு நடுப்பகுதியைக் கையால் தட்டித் தட்டி ஏற்றுங்கள். இழுத்துப் போட்ட பீடிங் ஒரு வெயிலில் சுருங்கி மூலையில் வாயைப் பிளக்கும்.

ஸ்டியரிங்அக்கா, சென்னை

நன்றி தம்பி. மூலையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்பது எனக்குப் புதுச் செய்தி.

செம்மண்சாலை, நாமக்கல்

செய்து பார்த்தேன். வீட்டு வாசல் படி ஓரத்தில் பின்சக்கரத்தை ஏற்றினேன், தம்பி ஆட்டினான். முதல் ஆட்டலிலேயே சத்தம் வந்தது. மேல் விளிம்பில் டேப் ஒட்டினேன், சத்தம் பாதியாகக் குறைந்தது. பின் வளைவில், அதாவது கதவுக் கண்ணாடிச் சட்டம் கீழே இறங்கும் மூலையில் ஒட்டியதும் அந்த முனகல் முழுக்க நின்றது. நான்கு மாதத் தொல்லைக்கு மாஸ்கிங் டேப் பதில் சொல்லும் என்று எதிர்பார்க்கவே இல்லை.

இனி என்ன வாங்குவது? சிலிக்கோன் ஸ்பிரேயா, சிலிக்கோன் கிரீஸா?

மலைப்பாதை, பொள்ளாச்சி

நான் ஸ்பிரேதான். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அடிக்கிறேன், மலையில் ஒரு சத்தமும் இல்லை.

லேத்துப்பட்டறை, கோவை

ஸ்பிரே நல்லதுதான், ஆனால் கதவில் நேராக அடிக்காதீர்கள். துணியில் அடித்து, துணியால் தடவுங்கள். காற்றில் பறந்து கண்ணாடியில் படிந்தால் மழையில் வைப்பர் போடும்போது எண்ணெய்ப் படலம் போலத் தெரியும். ஸ்டியரிங், பெடல், பிரேக் டிஸ்க்கில் படவே கூடாது.

இன்னொன்று. கதவில் கீறலோ நசுங்கலோ இருந்து பெயிண்ட் அடிக்கப் போகிறீர்கள் என்றால், அந்த வேலையை முடித்துவிட்டுச் சிலிக்கோன் தடவுங்கள். சிலிக்கோன் துளி ஒட்டியிருந்தால் புதுப் பெயிண்ட் அந்த இடத்தில் மீன்கண் போலக் குழி குழியாக விலகும். பெயிண்டர்கள் சிலிக்கோன் குப்பியைக் கண்டாலே பட்டறைக்குள் விடமாட்டார்கள். அவர்கள் பயம் நியாயமானது.

ரப்பர்வாசனை, மதுரை

சத்தம் வரும் மூலைக்குக் கிரீஸ், மீதிச் சுற்றுக்கு ஸ்பிரே என்பது என் கருத்து. ஸ்பிரேயில் பெரும்பகுதி ஆவியாகிப் போகும், மிஞ்சும் படலம் மெல்லியது. அதிகம் உரசும் இடத்தில் சீக்கிரம் தேயும். சுத்தமான சிலிக்கோன் கிரீஸ் மெதுவாகத் தேயும். ஹோண்டாவின் அமெரிக்க உதிரிபாகப் பிரிவு கதவு ரப்பருக்கென்றே ஷின்-எட்சு சிலிக்கோன் கிரீஸ் விற்கிறது. இங்கே அதே பெயரைத் தேட வேண்டாம். குழாய் வேலைக்கோ மின் இணைப்புக்கோ விற்கும் சுத்தமான சிலிக்கோன் கிரீஸ் போதும். அட்டையில் பெட்ரோலியம், மினரல் ஆயில் என்று எழுதியிருந்தால் வாங்காதீர்கள். கிரைடாக்ஸ் போன்ற ஃப்ளோரின் கிரீஸ் இன்னும் நீண்ட நாள் நிற்கும், ஆனால் விலை மிக அதிகம். உங்கள் வண்டிக்குத் தேவையில்லை.

முக்கியமான வேலை தடவுவதற்கு முன்னால் இருக்கிறது. ரப்பரை மட்டும் துடைத்தால் போதாது, ரப்பர் வந்து தொடும் பெயிண்ட் விளிம்பையும் துடைக்க வேண்டும். அங்கே பழைய பாலிஷ், வேக்ஸ், ஷாம்பு மிச்சம் எல்லாம் காய்ந்து படிந்திருக்கும். வேக்ஸ் பிசுபிசுப்பே ரப்பரைப் பிடித்து இழுக்கும். பல வண்டிகளில் இரண்டு பக்கமும் சுத்தம் செய்ததுமே சத்தம் பாதி போய்விடும். கார் ஷாம்பு சில துளி கலந்த தண்ணீர், மென்மையான துணி. பிறகு வெறும் தண்ணீர். நிழலில் முழுக்கக் காயட்டும். அப்புறம் கிரீஸை விரல் நுனியில் பயறு அளவு எடுத்து, கண்ணுக்குத் தெரியாத அளவுக்குத் தேய்த்துப் பரப்புங்கள். வெள்ளையாகத் தெரிந்தால் அதிகம், துணியால் ஒற்றி எடுத்துவிடுங்கள்.

பனிநாடு, டொராண்டோ

இங்கே குளிர்காலத்துக்கு முன்னால் எல்லோரும் செய்யும் வேலை இது. எங்களுக்குக் காரணம் சத்தம் மட்டும் இல்லை. ரப்பரில் ஈரம் இருந்து இரவு மைனஸ் 20 ஆனால் கதவு உறைந்து ஒட்டிக்கொள்ளும். காலையில் வேகமாக இழுத்தால் ரப்பர் பிய்ந்து வரும். சிலிக்கோன் தடவியிருந்தால் தண்ணீர் ஒட்டாது, கதவும் திறக்கும்.

செம்மண்சாலை, நாமக்கல்

பத்து நாள் கழித்து எழுதுகிறேன்.

ரப்பர்வாசனை அண்ணன் சொன்னபடி இரண்டு பக்கமும் துடைத்தேன். பெயிண்ட் விளிம்பைத் துடைத்த துணி செம்மண் நிறத்தில் வந்தது, தொட்டால் பிசுபிசுப்பு. வருடா வருடம் பாலிஷ் போட்டதெல்லாம் அங்கே தங்கியிருக்கிறது. மூலைக்குக் கிரீஸ், மீதிக்குத் துணியில் ஸ்பிரே. கட்டில் முனகல் சுத்தமாக நின்றுவிட்டது.

ஆனால் அது நின்ற பிறகு இன்னொரு சத்தம் கேட்கிறது. முன்பு பெரிய சத்தத்தில் இது மறைந்திருக்க வேண்டும். "டிக்... டிக்" என்று, அதே கதவு, அதே பள்ளம். ரப்பர் சத்தம் போல இழுவை இல்லை, இரும்பு தட்டுகிற மாதிரி. கண்ணாடியைப் பாதி இறக்கினாலும் மாறவில்லை, அதனால் கண்ணாடி ஓடும் பள்ளத்து ரப்பர் இல்லை என்று நினைக்கிறேன்.

லேத்துப்பட்டறை, கோவை

சரியாக யோசித்திருக்கிறீர்கள். அது ஸ்ட்ரைக்கராக இருக்கும். கதவைத் திறந்தால் தூணில் யு வடிவில் ஒரு கொக்கி தெரியும், கதவுப் பூட்டு அதைத்தான் கவ்வும். அதில் பிளாஸ்டிக் உறை தேய்ந்திருந்தாலோ, கிரீஸ் காய்ந்திருந்தாலோ இப்படித் தட்டும். கொக்கியில் துணி இன்சுலேஷன் டேப்பை ஒரே ஒரு சுற்று சுற்றிவிட்டு அதே பள்ளத்தில் ஓட்டிப் பாருங்கள். கதவு வழக்கம்போல இரண்டாவது கிளிக் வரை மூடுகிறதா என்று முதலில் பாருங்கள். மூடவில்லை என்றால் ஓட்டாதீர்கள். சத்தம் நின்றால் டேப்பைப் பிரித்துவிட்டு, கொக்கியைத் துடைத்து வெள்ளை லித்தியம் கிரீஸ் வையுங்கள். இது இரும்பு, இங்கே கிரீஸ் சரி. பக்கத்து ரப்பரில் மட்டும் படக்கூடாது.

அதற்கும் போகவில்லை என்றால் கொக்கியை ஒரு மில்லிமீட்டர் உள்ளே தள்ள வேண்டும். நிறைய வண்டியில் டி40 டார்க்ஸ் போல்ட், அதாவது தலையில் நட்சத்திர வடிவக் குழி உள்ள போல்ட் இருக்கும். அவிழ்ப்பதற்கு முன் கொக்கியைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளுங்கள், பழைய இடம் தெரிய வேண்டும். முழுக்கக் கழற்றாதீர்கள், சில வண்டிகளில் பின்னால் இருக்கும் தகடு உள்ளே விழுந்துவிடும். தள்ளிய பிறகு பத்து ரூபாய் நோட்டு அகலத்துக்கு ஒரு காகிதத் துண்டைக் கதவுக்கும் ரப்பருக்கும் நடுவில் வைத்து மூடி இழுங்கள். சுற்றிலும் ஒரே அளவு பிடிமானம் இருக்க வேண்டும்.

செம்மண்சாலை, நாமக்கல்

டேப் சுற்றியதும் டிக் சத்தம் நின்றது. துடைத்துவிட்டு லித்தியம் கிரீஸ் வைத்தேன், இப்போதும் இல்லை. போல்ட்டில் கை வைக்க வேண்டிய அவசியம் வரவில்லை. கொக்கியின் உட்பக்கம் பளபளவென்று தேய்ந்து ஒரு கோடு விழுந்திருக்கிறது, அதைப் படமாக எடுத்து வைத்திருக்கிறேன்.

நேற்று மாலை அம்மாவைப் பின்னால் உட்கார வைத்துக் கொல்லிமலை போய் வந்தேன். வழக்கம்போலக் கதவின் மேல் ஓரத்தில் கை வைக்கப் போனார்கள். "வேண்டாம்மா, கையை எடுத்துக்கோங்க" என்றேன். உச்சி வரை டயர் சத்தத்தைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. இந்த வாரம் மீதி மூன்று கதவின் பெயிண்ட் விளிம்பையும் துடைக்கப் போகிறேன்.

கிணத்துக்கடவு_77

நானும் என் வண்டியில் எண்ணெயைத் துடைத்து எடுத்தேன் சார். லேத்துப்பட்டறை அண்ணன் சொன்ன நறநறப்பு அப்படியே இருந்தது, துணி கறுத்துப் போய்விட்டது. சிலிக்கோன் கிரீஸ் எத்தனை நாளைக்கு ஒரு முறை வைக்க வேண்டும்?

ரப்பர்வாசனை, மதுரை

நாள் கணக்கு வேண்டாம் தம்பி. ரப்பரை விரலால் தடவுங்கள். விரல் வழுக்கினால் அப்படியே விடுங்கள். விரல் தடைபட்டு நின்று நின்று நகர்ந்தால், சத்தம் வருவதற்கு முன்பே இரண்டு பக்கமும் துடைத்துவிட்டு வையுங்கள்.